காக்கையும் பனம்பழமும்
(தடுப்பூசி பற்றிய பரபரப்பும் விஞ்ஞானத்தின் பொறுமையும்)

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காக்கை உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காக்கை உட்கார்ந்ததால்தான் பழம் விழுந்ததா, இல்லை, பழுத்துத் தானாக விழ இருந்த பழமா? இதுதான் கேள்வி. தடுப்பூசி ஆபத்தா இல்லையா என்று வருஷா வருஷம் நடக்கிற சண்டை எல்லாம் இந்த ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. "ஊசி போட்டாங்க, மறுநாள் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்வது ஒரு நிமிஷ வேலை. "ஊசியால்தான் ஆனதா?" என்று கண்டுபிடிப்பது பல வருஷ வேலை. முதலாவது பரபரப்பு. இரண்டாவது விஞ்ஞானம். இந்த இரண்டும் மோதிக்கொண்ட ஒரு பெரிய வழக்கு நம் ஓசூர் மண்ணில் பிறந்த ஒருவரோடு சம்பந்தப்பட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொரப்பள்ளிக்காரர் எழுப்பிய கேள்வி

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாகாண முதலமைச்சராகவும் இருந்தவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்துப் போராடியவர் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை.

பி.சி.ஜி. என்பது காசநோய்க்கான, அதாவது டி.பி.க்கான தடுப்பூசி. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மாட்டைத் தாக்கும் காசநோய்க் கிருமியை எடுத்து, 1908 முதல் 1921 வரை 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்கும் வீரியத்தை இழக்க வைத்தார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1948-ல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அப்போது காசநோய்க்கு ஏழைகளுக்கு எட்டும் மருந்து கிடையாது. சானடோரியத்தில் படுக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது.

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. சென்னையில் ஏ.வி. ராமன் என்பவர் தம் பத்திரிகையில் தொடர்ந்து எதிர்த்து எழுதினார். 1955-ல் ராஜாஜியே களத்தில் இறங்கினார். பேசினார், எழுதினார், தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று தனி நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகள் உடம்பில் செலுத்துகிறோமே, இதனால் நன்மை உண்டு என்று நிரூபணம் ஆகிவிட்டதா, நம் ஜனங்களை வைத்துச் சோதனை நடத்துகிறோமா என்பது அவர் வாதத்தின் சாரம். அப்போது மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர். அரசாங்கத் தரப்பு இது பாதுகாப்பானது, பல நாடுகளில் போட்டாகிவிட்டது என்று பதில் சொன்னது.

நண்பர்களே, இங்கே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிரிப்பது சுலபமில்லை. ராஜாஜி கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊர் மக்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த முடிவு அன்றைக்கு அரசாங்கத்தின் கையிலும் இல்லை. இன்னொரு பக்கம், காசநோயில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கவும் முடியாது. ஆனால் மேடையில் எத்தனை பெரிய மனிதர் பேசினாலும், மந்திரி எத்தனை உறுதியாகச் சொன்னாலும், அந்தப் பேச்சினால் மட்டும் விடை வராது. எண்ணிப் பார்த்தால்தான் வரும்.

பயத்தின் ஊர்: லூபெக்

அந்தக் காலத்தில் பி.சி.ஜி. எதிர்ப்பு என்றாலே ஜெர்மனியிலுள்ள லூபெக் என்ற ஊரின் பெயர் அடிபடும். 1930-ல் அங்கே சுமார் 250 பச்சைக் குழந்தைகளுக்கு வாய்வழியாக பி.சி.ஜி. கொடுத்தார்கள். அவர்களில் 70-க்கும் மேற்பட்டவர்கள் காசநோய் வந்து இறந்துபோனார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிற சம்பவம். இதைக் கேட்ட எந்தத் தாய் தன் பிள்ளையை ஊசிக்குக் கொண்டு போவாள்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. விசாரணை நடந்தது. பாரிஸிலிருந்து அனுப்பிய கிருமியில் கோளாறு இல்லை. லூபெக் ஆய்வுக்கூடத்தில் மருந்து தயாரித்தபோது நிஜமான காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது என்று தெரிந்தது. பொறுப்பான டாக்டர்கள் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டார்கள்.

நம் பாஷையில் சொன்னால், டிசைன் கோளாறு வேறு, தயாரிப்புக் கோளாறு வேறு. ஒரு பிரேக் டிரம் உடைந்தால் டிராயிங் தப்பா, வார்ப்பு தப்பா, பொருத்தியவர் தப்பா என்று பிரித்துப் பார்க்கத்தானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்! பிரித்துப் பார்த்தால் குற்றம் செய்தவரையும் பிடிக்கலாம், நல்ல பொருளையும் காப்பாற்றலாம். "லூபெக்கைப் பார்" என்று மட்டும் சொல்பவர் பிரித்துப் பார்ப்பதில்லை. "லூபெக் வெறும் வதந்தி" என்று சொன்னால் அதுவும் பொய். குழந்தைகள் இறந்தது சத்தியம்.

திருவள்ளூர் பக்கம் நடந்த கணக்கெடுப்பு

ராஜாஜி கேட்ட நிரூபணத்தைத் தேடியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதிலிருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதனை நடந்து, 1956-ல் முதல் அறிக்கை வந்தது. பி.சி.ஜி. நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்பு தருகிறது என்று தெரிந்தது. அத்தோடு "பார்த்தாயா, ஜெயித்துவிட்டோம்" என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அமெரிக்காவில் நடந்த சோதனைகள் வேறு மாதிரி சொன்னதால், இந்தியாவில் என்ன ஆகும் என்று இந்தியாவிலேயே பார்ப்போம் என்றார்கள்.

1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் வேலை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்திய சோதனை இது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் இதில் சேர்ந்தார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பிறகு வந்து நோய் இருக்கிறதா என்று பார்த்தவருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், சளி எடுத்து, எக்ஸ்ரே எடுத்து எண்ணினார்கள்.

ஏழரை வருஷ முடிவு 1979-ல் வெளிவந்தது. உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை! ஊசி போட்ட கூட்டத்திலும் போடாத கூட்டத்திலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவு. 15 வருஷ முடிவு 1999-ல் வந்தது. அதுவும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே சொன்னது.

கவனியுங்கள். அரசாங்கம் ஊசியை ஆதரித்தது. அரசாங்க நிறுவனமே சோதனை நடத்தியது. முடிவு ஊசிக்குச் சாதகமாக வரவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். "டாக்டர்களும் கம்பெனிகளும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடி மறைக்கிறார்கள்" என்று சொல்பவர்கள் செங்கல்பட்டைப் பற்றிச் சொல்வதே இல்லை.

அப்படியானால் ராஜாஜி சொன்னது முழுக்க சரியா? அதுவும் இல்லை. பி.சி.ஜி. சின்னக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடம்பெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் நல்ல பாதுகாப்பு தருகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு இடது தோளில் அந்த ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சின்னப் புண் வந்து தழும்பாகும். சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத அபூர்வமான குழந்தைகளுக்கு மட்டும் அந்தக் கிருமி உடம்பில் பரவி ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. கோடிக்கணக்கான பேருக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட விவரம் இது. "நல்லது" என்ற ஒரு வார்த்தையோ "விஷம்" என்ற ஒரு வார்த்தையோ இதற்குப் போதாது. யாருக்கு, எந்த வயதில், எந்த நோய்க்கு என்று அளவு போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

காக்கை விஷயத்துக்கு வருவோம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊசி எதுவும் இல்லாத வருஷத்தில் அவர்களில் 3,650 பேர் இறப்பதாகவும் வைத்துக்கொள்வோம். (கணக்கு சுலபமாக வருவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண் இது.) நாளைக்கு 10 பேர் ஆகிறது. இந்த ஒரு லட்சம் பேருக்கும் ஒரே நாளில் வெறும் தண்ணீரை ஊசியில் போட்டாலும் மறுநாள் 10 பேர் இறப்பார்கள். அந்தப் பத்து வீட்டிலும் "நேத்துதான் ஊசி போட்டாங்க" என்று அழுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் துக்கத்தைக் கேலி செய்கிறவன் மனிதனே இல்லை. ஆனாலும் அந்தப் பத்தை வைத்து ஊசி மேல் பழி போட முடியாது.

அதே சமயம் மறுநாள் 25 பேர் இறந்தால்? அப்போது "தற்செயல்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உடனே நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஆக, எத்தனை பேருக்கு ஆனது என்பது மட்டும் போதாது. எத்தனை பேரில், ஊசி போடாவிட்டால் எத்தனை ஆகியிருக்கும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது கணக்கு. லேத்தில் ஒரு நாளில் ஐந்து பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று சூபர்வைசரிடம் சொன்னால், "மொத்தம் எத்தனை ஓட்டினே? பக்கத்து மெஷின்ல எத்தனை?" என்றுதானே முதலில் கேட்பார்!

2021 ஏப்ரல் 15-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ம் தேதி காலமானது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்பு வருஷக்கணக்கில் படிவது. தேசிய அளவிலான நிபுணர் குழு விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அதே வருஷம் அறிவித்தது. வதந்தி இரண்டு நாளில் ஊரெல்லாம் போனது. விசாரணை முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்தது. எத்தனை பேர் படித்தார்கள்?

2017: எல்லையின் இரண்டு பக்கமும்

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும். நமக்கு இது இரட்டை அனுபவம். ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் ஒரே ஊசி, ஒரே மாதம். நான் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊசி போடும் நாளில் வகுப்பில் பல பேர் வரவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய பேச்சுதான் காரணம். வெளிநாட்டுச் சதி என்றார்கள், பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்றார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமைத் தமிழ்நாட்டில் மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வதந்திக்கு நடுவே ஒரு நல்ல கேள்வியும் இருந்தது. "என் பிள்ளைக்கு ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி ஏன்?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். மீதி 15 பேர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் இன்னொரு தரம் போட்டால் அந்தப் பதினைந்தில் பெரும்பாலோருக்கும் பிடித்துவிடும். ஏற்கெனவே பிடித்தவர்களுக்குக் கெடுதல் இல்லை. இதை முன்கூட்டியே பள்ளிக்கூட வாசலில் ஒரு தட்டியில் எழுதி வைத்திருந்தால் பாதி பயம் போயிருக்கும் என்பது என் எண்ணம். மக்கள் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில்தான் வதந்தி வந்து உட்காருகிறது.

ரூபெல்லா என்பது சின்ன நோய்தான். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலுள்ள பிள்ளை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் பிறவிக் கண்புரை உள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் ரூபெல்லா என்று கண்டார்கள். தட்டம்மையோ உயிரையே வாங்கும். 2015-ல் இந்தியாவில் சுமார் 49,000 குழந்தைகள் தட்டம்மையால் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் ஆடியோவில் இந்த எண் வரவே இல்லை. கடைசியில் ஐந்து இடங்களிலும் சேர்த்து மூன்று கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998-ல் லண்டனில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் பார்த்தது வெறும் 12 குழந்தைகள். அதிலும் விவரங்களைத் திரித்திருந்தது தெரிந்து, 2010-ல் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் டாக்டர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வந்த ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று சொன்னது. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே!

ஆபத்து உண்மையாகவே இருந்தால்?

விஞ்ஞானம் ஊசிக்கு வக்கீல் அல்ல. இதற்குக் கோவிஷீல்டு ஓர் உதாரணம். இந்த ஊசிக்குப் பிறகு மிக அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் உறைந்து, கூடவே தட்டணுக்களும் குறைகின்றன என்று 2021 மார்ச்சில் ஐரோப்பிய டாக்டர்கள் கண்டார்கள். ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதைப் பக்க விளைவாகவே அறிவித்தது. மே மாதம் இந்தியக் குழுவும் தன் கணக்கைச் சொன்னது: ரத்தம் உறைந்திருக்கக்கூடிய 26 பேர், பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற விகிதம். ஜெர்மனியில் இதைவிட அதிகம், பத்து லட்சத்துக்கு 10 பேர். நம் ஊரில் பதிவாகாமல் விட்டுப்போனதும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். பல நாடுகள் வயதில் குறைந்தவர்களுக்கு இந்த ஊசியை நிறுத்தின.

2024-ல் கம்பெனி லண்டன் கோர்ட்டில் இதையே எழுத்தில் ஒப்புக்கொண்டபோது, ஏதோ மூடி வைத்த ரகசியம் வெடித்தது போலத் தலைப்புச் செய்தி வந்தது. ஊசி போட்டு மூன்று வருஷம் ஆனவர்களெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆபத்து ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. 2021-லேயே அச்சான விஷயம். உண்மையையே எடுத்து, எண்ணிக்கையையும் தேதியையும் கழற்றிவிட்டுச் சொன்னால் அதுவும் பரபரப்புதான். பொய்யைவிட இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் போனில் எது வந்தாலும் "இது நெசமா, பாரு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அக்கா குழந்தைக்கு ஆறாவது வார ஊசி போடும் சமயம் ஒரு வீடியோ வந்தது. "போகலாமா வேண்டாமாடா?" என்று அக்கா கேட்டபோது நான் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லவில்லை. அந்த வீடியோவில் ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த ஊசி என்றும் இல்லை. அதைக் காட்டினேன். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதார செவிலியரிடம் நேராகவே கேட்டோம். காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், அரை மணி நேரம் இங்கேயே இருங்க, விடாமல் அழுதாலோ ஃபிட்ஸ் வந்தாலோ உடனே கூப்பிடுங்க என்று சொல்லிப் போன் நம்பரும் கொடுத்தார். ஒண்ணுமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

பரபரப்புச் செய்தி எது வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. எங்கே, எப்போது, எந்த ஊசி?
2. எத்தனை பேருக்குப் போட்டதில் எத்தனை பேருக்கு ஆனது?
3. ஊசி போடாதவர்களுக்கு அது எத்தனை வருகிறது?
4. ஊசி மருந்தே காரணமா, தயாரித்த விதமா, வைத்திருந்த விதமா, போட்ட விதமா?
5. விசாரித்தவர் யார்? முடிவு வந்ததா, இனிமேல்தானா?
6. ஊசி தடுக்கும் நோய் வந்தால் என்ன ஆகும்?

இந்த ஆறையும் ஊசிக்கு எதிராகப் பேசுபவரிடம் மட்டும் கேட்டால் போதாது; ஆதரவாகப் பேசுபவரிடமும் கேட்க வேண்டும்.

முடிவுரை

ராஜாஜி 1955-ல் கேட்டதற்கு விடை வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த விடையைத் தந்தவர்கள் பேச்சாளர்கள் அல்ல. திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் கையை நீட்டிய இரண்டரை லட்சம் சாதாரண ஜனங்களும், வெயிலில் வீடு வீடாக நடந்து எண்ணிய பணியாளர்களும்தான். அவர்கள் பெயர் எந்த மலரிலும் வரவில்லை. ஓசூரில் நாம் தினமும் மைக்ரோமீட்டரைக் கையில் பிடிக்கிறோம். அளக்காமல் ஒரு பீஸைக்கூடப் பாஸ் பண்ண மாட்டோம், ரிஜெக்டும் பண்ண மாட்டோம். குழந்தை உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் அளக்காமல் ஃபார்வர்டு செய்யலாமா? சிந்திப்போம், நண்பர்களே!